வாசிப்பறைக்கு எட்டாத மணி

மேலவையில் அவளை எல்லோரும் பூட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கு முன்னால் அவைக் கதவில் காவலுக்கு நின்ற பெரியவருக்கும் பூட்டு என்றே பெயர். அவர் ஓய்வு பெற்றபோது சாவியோடு சேர்ந்து பெயரும் கை மாறியது. நல்ல உயரமான பெண். ஓரிடத்தில் நிற்கத் தெரியாத கால்கள். நாள் முழுக்க நிற்பதற்குச் சம்பளம் வாங்குகிறவளுக்கு நிற்க வராது என்பது அந்தக் கட்டடத்தில் பழகிப்போன வேடிக்கை.

"அக்கா, நீங்க நடக்கிற நடைக்கு இந்நேரம் கடலே வந்திருக்கும்" என்பார் எதிர்க்கதவில் நிற்கும் மீசைக்காரர்.

"வந்தா முதல்ல உன் மீசைதான் நனையும். போய் உன் கதவைப் பாரு."

அவள் வேலையைச் சொன்னால் சிரிப்பு வரும். கதவைத் திறப்பது, சாத்துவது. ஆனால் ஒரு நாட்டின் சட்டம் அந்தக் கதவு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. ஒரு மசோதாவின் மேல் பேச்செல்லாம் முடிந்ததும் அவைத்தலைவர் கருத்துக் கேட்பார். ஆதரிப்பவர்கள் 'ஆம்' என்று கத்துவார்கள். எதிர்ப்பவர்கள் 'இல்லை' என்று கத்துவார்கள். எந்தச் சத்தம் பெரிது என்று தலைவர் காதாலேயே முடிவு செய்வார். அவர் காதை நம்பாத யாராவது எழுந்து 'டிவிஷன்' என்று கேட்டுவிட்டால் தலையை எண்ணியாக வேண்டும். உடனே கட்டடம் முழுவதும் மின்மணி அலறும். தேநீர் குடிப்பவர், தாழ்வாரத்தில் தொலைபேசியில் கெஞ்சுபவர், கழிப்பறையில் இருப்பவர் எல்லோரும் அரக்கப்பரக்க ஓடி வருவார்கள். மணி ஓய்ந்ததும், "கதவைச் சாத்துங்கள்" என்பார் தலைவர். பூட்டக்கா சாத்திப் பூட்டுவாள். அதற்குப் பிறகு உள்ளே இருப்பவர் வெளியே போக முடியாது, வெளியே இருப்பவர் உள்ளே வர முடியாது. மந்திரியாகவே இருந்தாலும் கதவுக்கு வெளியே நின்று கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கீழவைக்குத் தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லோரும் ஓட்டுப் போட்டு ஆள் அனுப்புகிறார்கள். மேலவைக் கதை வேறு. பட்டதாரிகள் சிலரை அனுப்புவார்கள், ஆசிரியர்கள் சிலரை, நகரசபைகள் சிலரை. மிச்ச இடங்களுக்குக் கலை, அறிவு, சமூகசேவை என்று காரணம் சொல்லி ஆட்களை நியமிப்பார்கள். கீழவையைக் கலைக்கலாம், மேலவையைக் கலைக்க முடியாது. ஒரு பகுதியினர் போவார்கள், ஒரு பகுதியினர் வருவார்கள், நாற்காலி சூடு ஆறுவதே இல்லை. கீழவை அவசரத்தில் செய்வதை மேலவை நிதானமாக ஒருமுறை பார்க்கும் என்பது இதற்குச் சொல்லும் நியாயம். நிதானம் நல்ல சொல்தான். யார் நிதானமாக இருக்க யார் காத்துக்கிடக்கிறார்கள் என்று கேட்டால்தான் அது கசக்கும். மேலவையால் ஒரு மசோதாவைக் கொல்ல முடியாது. திருப்பி அனுப்பலாம், சில மாதம் இழுத்தடிக்கலாம். அவ்வளவே. அந்தச் சில மாதத்தில் யார் வீட்டில் என்ன போகும் என்பது அவைக் குறிப்பில் ஏறாது.

பூட்டக்கா வீட்டில் போகக் காத்திருந்தது அவள் தங்கையின் வேலை வழக்கு.

தங்கை ஓர் அட்டைப்பெட்டி ஆலையில் அழுத்து இயந்திரத்தில் நின்றவள். வேகமாக ஓட வேண்டும் என்பதற்காக இயந்திரத்தின் காப்புத் தடுப்பைக் கழற்றி வைத்திருந்தார்கள். ஒருநாள் அட்டையோடு அவளுடைய வலது கையும் உள்ளே போய்விட்டது. மருத்துவமனையிலிருந்து வந்தவள் ஆலைக்குப் போனபோது, "நீ எங்க ஆளே இல்லம்மா, ஒப்பந்தக்காரர் ஆளு" என்றார்கள். ஒப்பந்தக்காரரிடம் போனால், "விபத்து நடந்தது ஆலைக்குள்ளதானே, அங்கேயே கேளு" என்றார். கையை வாங்கிக்கொண்டவர்கள் ஆளை மட்டும் யாருடையவள் என்று தெரியாமல் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அவள் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். இடது கையால் எழுதப் பழகினாள், தலை பின்னப் பழகினாள். சும்மா இருக்க மட்டும் பழகவில்லை. அக்காவுக்குக் கால் என்றால் தங்கைக்கு விரல். மேசை, சன்னல் கம்பி, சுவர் என்று எதிலாவது இடது கை விரல்கள் தட்டிக்கொண்டே இருக்கும். அக்காவின் கணவர் தையல்காரர், முன்னறையில் தையல் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டே சொல்வார்: "ஒருத்தி நடந்தே தரையைத் தேய்க்கிறா, ஒருத்தி தட்டியே சுவரை உதிர்க்கிறா. வீட்டுக்காரன் வந்தா நான் என்ன பதில் சொல்ல?"

"நீங்க மிஷினை மிதிச்சே பூமியைக் குழியாக்குறீங்களே மாமா, அதைச் சொல்லுங்க" என்பாள் தங்கை.

அவள் கேட்டது இரக்கம் இல்லை. பெட்டிகளைச் சரிபார்க்கலாம், வாசலில் சரக்கு வண்டிகளைப் பதிவு செய்யலாம், ஒரு கை போதும், எனக்கு என் ஆலையில் வேறு வேலை கொடு என்று தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டிருந்தாள். பழைய சட்டப்படி அந்த வழக்கு நிற்காது என்று வக்கீல் முதல் நாளே சொல்லிவிட்டார். ஆனால் புதிதாக ஒரு மசோதா வந்திருந்தது. ஆலைக்குள் அடிபட்ட ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதே ஆலை மாற்று வேலை தர வேண்டும். சட்டம் வரும்போது முடியாமல் இருக்கும் வழக்குகளுக்கும் அது பொருந்தும். கீழவை நிறைவேற்றி அனுப்பிவிட்டது. மேலவை உடனே தலையசைத்தால் தங்கை பிழைத்தாள். திருப்பி அனுப்பினால், அது மறுபடி வருவதற்குள் அவள் வழக்கில் தீர்ப்பு வந்துவிடும்.

அந்த மசோதா ஓட்டுக்கு வந்த காலையில் அட்டைப்பெட்டி ஆலையின் முதலாளி பூட்டக்காவின் கதவு வழியாகத்தான் உள்ளே வந்தார். அவரும் மேலவை உறுப்பினர். சமூகசேவைக்காக நியமிக்கப்பட்டவர். பள்ளிக்கூடங்களுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்திருந்தார். தொட்டியில் தண்ணீரைவிட அவர் பெயர் பெரிதாக இருக்கும்.

"என்னம்மா பூட்டு, தங்கச்சி கேஸ் எப்படிப் போகுது?" என்று நின்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்குத் தெரியும் என்று அவள் நினைக்கவில்லை. "போகுதுங்க ஐயா."

"இன்னைக்கு உன் மசோதா வருது போலயே. கதவு வேற உன் கையில." சிரித்தார். "பார்த்து நடந்துக்கோ. எனக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கு நாலு பேரு ஏதாவது பேசிடக்கூடாது பாரு."

"என் கதவு யார் பக்கமும் சாயாதுங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்று அவள் தோளைத் தட்டாத குறையாக உள்ளே போனார்.

அவ்வளவுதான் பேச்சு. மிரட்டல் என்று யாரிடமும் சொல்ல முடியாது. அறிவுரை மாதிரி இருந்தது. ஆனால் அன்று காலை முழுவதும் அது அவள் செருப்புக்குள் புகுந்த கல் போல உறுத்தியது. வேலை போய்விடுமோ என்ற பயம் பாதி. தன் மேல் ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்ற வீம்பு மீதி.

இங்கே வாசிப்பறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாழ்வாரத்தின் கடைசியில், முற்றத்தைத் தாண்டி, தடித்த கதவுக்குப் பின்னால் உறுப்பினர்கள் பத்திரிகை படிக்கும் அறை. அங்கிருந்த மணி என்றைக்கோ எரிந்து செத்துவிட்டது. மின்பிரிவு அது கட்டடப்பிரிவின் வேலை என்றது. கட்டடப்பிரிவு மின்பிரிவின் வேலை என்றது. இரண்டுக்கும் நடுவில் பூட்டக்காவின் கால்கள்தான் மணியாகிவிட்டன. டிவிஷன் மணி அடித்தவுடன் அவள் ஒரே ஓட்டமாக வாசிப்பறைக்குப் போவாள். "டிவிஷன், ஐயா, டிவிஷன்!" என்று குரல் கொடுப்பாள். திரும்பி ஓடி வந்து கதவருகே நிற்பாள். விதியில் இல்லாத வேலை. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பார்த்ததில்லை. அட்டைப்பெட்டி முதலாளியையே எத்தனையோ தடவை தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டி வந்திருக்கிறாள். அவள் வருவாள் என்ற நம்பிக்கையில் யாரும் மணியைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அந்த நம்பிக்கையில்தான் வாத்தியாரும் அன்று வாசிப்பறைக்குப் போனார். ஆசிரியர்கள் ஓட்டில் வந்த உறுப்பினர் அவர். மசோதாவின் எல்லாப் பிரிவையும் அடிக்கோடு போட்டுப் படித்து, காலையிலேயே ஆதரித்துப் பேசி முடித்திருந்தார். எதிர்ப்பக்கத்தில் இன்னும் பேச வேண்டியவர்கள் வரிசையாக இருந்தார்கள். மத்தியானம் வரை ஓட்டெடுப்பு வராது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

வாத்தியார் தாழ்வாரத்தில் மறைந்த கொஞ்ச நேரத்தில், பேச வேண்டிய எதிர்ப்பக்கத்தார் ஒவ்வொருவராக எழுந்து "நான் பேச விரும்பவில்லை" என்று உட்கார்ந்தார்கள். வாய்க்கு ஓய்வு கொடுத்தே பழக்கமில்லாதவர்கள் அவர்கள். தலைவர் கருத்துக் கேட்டார். ஆம், இல்லை. 'ஆம்'தான் பெரிது என்றார். அட்டைப்பெட்டி முதலாளி எழுந்தார். "டிவிஷன்."

மணி அலறியது.

பூட்டக்காவின் ஒரு கால் தாழ்வாரத்துப் பக்கம் எழுந்துவிட்டது. அப்போது உள்ளேயிருந்து முதலாளி திரும்பிப் பார்த்தார். முறைக்கவில்லை. புன்னகைதான் செய்தார்.

எழுந்த கால் கீழே வந்தது.

வேறு எந்த மசோதாவாக இருந்தாலும் ஓடியிருப்பாள். இது தன் வீட்டு மசோதா. தன் வீட்டுக்காக ஓடினால் அது ஓட்டமா, சூழ்ச்சியா? நான் இப்போது போய் வாத்தியாரைக் கூப்பிட்டால் ஓட்டையே நான் போட்ட மாதிரி ஆகாதா? இப்படி அவள் தன்னைத்தானே குறுக்குவிசாரணை செய்துகொண்டு நின்றாள். எதிர்க்கதவிலிருந்து மீசைக்காரர் புருவத்தால் கேட்டார், போகலையா? அவள் தலையை ஆட்டினாள், இல்லை. ஒருநாளும் நிற்காத கால்கள் அன்று ஆணியடித்த மாதிரி நின்றன.

மணி ஓய்ந்தது. "கதவைச் சாத்துங்கள்."

உள்பக்கமாகப் பூட்டினாள். சாவியை எடுப்பதற்குள் வெளியே காலடிச் சத்தம். தாழ்வாரத்தில் ஆட்கள் ஓடுவதைச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வாத்தியார் தானாகவே வந்துவிட்டார். கதவு அதிர்ந்தது.

"அம்மா! பூட்டம்மா! நான்தான்!"

பூட்டிய கதவைத் தலைவர் சொல்லாமல் திறக்கக் கூடாது. அவள் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். வாத்தியாரின் ஒவ்வொரு தட்டும் அவள் முதுகெலும்பில் விழுந்தது. உள்ளே தலைகளை எண்ணினார்கள். ஆதரவும் எதிர்ப்பும் சமமாக வந்தன.

அவைத்தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். ஓட்டுகள் சமமானால் மட்டும் அவருக்கு ஓர் ஓட்டு உண்டு. "இம்மாதிரி நேரத்தில் தலைவர் பக்கம் சாரக் கூடாது. இருக்கிற நிலைமைக்கே ஓட்டளிப்பது மரபு. ஆகவே, இல்லை" என்றார். மசோதா திரும்பிப் போனது.

இருக்கிற நிலைமைக்கு ஓட்டளிப்பதைப் பக்கம் சாராமை என்று எந்தப் புத்திசாலி முதலில் சொன்னானோ தெரியவில்லை. அவனுக்கு இரண்டு கையும் இருந்திருக்கும்.

கதவு திறந்தபோது வாத்தியார் நெற்றியில் ஏற்றிய கண்ணாடியோடும் கையில் கசங்கிய பத்திரிகையோடும் நின்றார். கோபம் இல்லை, புரியாமல் பார்த்தார். "என்னம்மா, வழக்கமா வந்து கூப்பிடுவீங்களே?"

"விதியில இல்லைங்க ஐயா" என்றாள். தன் வாயிலிருந்து வந்த சொல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

"இல்லைதான்" என்றார் அவர். "நான்தான் உள்ளேயே உட்கார்ந்திருக்கணும்."

வீட்டுக்கு அவள் வந்தபோது தங்கைக்குச் செய்தி தெரிந்திருந்தது. ஆள் எப்படிக் குறைந்தது என்பது தெரியாது. பூட்டக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னாள். தையல் இயந்திரம் நின்றது.

"அந்த முதலாளி ஓட்டுப் போட்டானா?" என்றாள் தங்கை.

"போட்டார்."

"அது அவனோட ஆலைதானே?"

"ஆமா."

"அவனோட ஆலைக்கு அவனே ஓட்டுப் போட்டிருக்கான். அவனுக்கு உறுத்தல."

பூட்டக்கா சுவர் வரை நடந்து திரும்பினாள்.

"நீ ஓட்டே போட வேண்டாம்கா. எப்பவும் கூப்பிடுற மாதிரி ஒருத்தரைக் கூப்பிடணும். உனக்கு மட்டும் எதுக்கு உறுத்திச்சு?"

"நாலு பேரு ஏதாவது..."

"எந்த நாலு பேரு? எனக்குக் கை போனப்போ வந்தாங்களா அந்த நாலு பேரு?"

தையல்காரர் சூழலை லேசாக்கப் பார்த்தார். "உங்க அக்கா எப்பவும் அப்படித்தான் தாயே. ஊருக்கெல்லாம் பரிமாறிட்டு வீட்டாளுக்கு வெறுஞ்சட்டியைக் காட்டுவா. அதை நேர்மைன்னு வேற சொல்லுவா." யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அன்று வீட்டில் சொன்னதிலேயே சரியான பேச்சு அதுதான். பெரிய மனிதன் தன் லாபத்துக்குக் கை தூக்கினால் அதற்கு உரிமை என்று பெயர்; இல்லாதவள் தன் வேலையைச் செய்தாலே அதற்குச் சலுகை என்று பெயர் வைத்து அவளையே நம்ப வைத்துவிடுகிறார்கள். பூட்டக்காவைக் கட்டிப்போடக் கயிறு தேவைப்படவில்லை. அவளுடைய நாணயமே போதுமாக இருந்தது.

அடுத்த மாதம் தீர்ப்பு வந்தது. ஆலைக்கும் மனுதாரருக்கும் வேலை உறவு நிறுவப்படவில்லை, வழக்கு முடிந்தது. தங்கை தீர்ப்பைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, தீர்ப்பாயத்தின் சுவரை இடது கை விரல்களால் தட்டியபடியே தெருமுனை வரை நடந்தாள். அக்காவோடு பேசவில்லை. வீட்டில் மாமாவுக்கு மட்டும் பதில் சொன்னாள். ஒரே அறையில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

பூட்டக்கா ஒருநாள் அவைச் செயலகத்துக்குப் போனாள். அங்கே பிரிவு அதிகாரி கோப்புகளுக்கு நடுவே தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"சார், வாசிப்பறை மணி செத்துக் கிடக்கு."

"தெரியுமே. அதான் நீங்க போய்க் கூப்பிடுறீங்களே."

"அன்னைக்குக் கூப்பிடல. ஒரு மசோதா போச்சு."

அவர் நிமிர்ந்தார். "கூப்பிடணும்னு விதி இல்லையேம்மா. உங்க மேல தப்பே இல்ல."

"அதான் சார் தப்பு. விதியில எழுதுங்க. மணி அடிக்காத அறைக்கு வாயிற்காவலர் நேர்ல போய் எல்லாரையும் கூப்பிடணும்னு எழுதுங்க."

"எழுதிட்டா அப்புறம் கண்டிப்பாப் போகணும். முடியலைன்னு சொல்ல முடியாது. நீங்களே உங்க கழுத்துல கட்டிக்கிறீங்க."

"கட்டிக்கத்தான் சார் கேக்கிறேன். இல்லேன்னா போனா ஒரு பேச்சு, போகலேன்னா ஒரு பேச்சு."

விட்டுவிடுவாள் என்று அவர் நினைத்தார். அவள் தினமும் வந்தாள். நாற்காலி காட்டினாலும் உட்காராமல் அவர் மேசையைச் சுற்றி நடந்தாள். தலைசுற்றல் தாங்காமல் அவர் கோப்பை மேலே அனுப்பினார். வாத்தியார் இரண்டு வார்த்தை எழுதிக் கொடுத்தார். அவைத்தலைவர் கையெழுத்துப் போட்டார். ஒரு கம்பியை மாற்றுவதற்குப் பதிலாக ஒரு விதியை இயற்றிவிட்டு அரசாங்கம் நிம்மதியாகிவிட்டது. மணி செத்தே கிடந்தது.

மாதங்கள் கழிந்து கீழவை அதே மசோதாவை மறுபடி நிறைவேற்றி அனுப்பியது. இனி மேலவை 'இல்லை' என்றாலும் கொஞ்ச காலம்தான் தள்ளலாம். அதனால் எதிர்ப்பவர்களுக்கே அதில் ருசி குறைந்துவிட்டது. அது ஓட்டுக்கு வந்த அன்று வாத்தியார் தன் இருக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. தண்ணீரைக்கூட உள்ளே வரவழைத்துக் குடித்தார். அட்டைப்பெட்டி முதலாளி, தோற்கும் ஓட்டெடுப்பில் தலையைக் காட்டுவானேன் என்று வாசிப்பறைக்குப் போய்ப் பத்திரிகையை விரித்துக்கொண்டார்.

மணி அலறியது. பூட்டக்கா ஓடினாள். தடித்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நின்றாள்.

"டிவிஷன்! ஆலையில அடிபட்டவங்க மசோதா! எல்லாரும் வாங்க!"

மற்றவர்கள் எழுந்தார்கள். முதலாளியின் பத்திரிகை மட்டும் அசையவில்லை. அவள் நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, உங்களைத்தான். உங்க ஆலை விஷயம். நீங்க இல்லாம எப்படி?"

பத்திரிகை இறங்கியது. கதவருகே போனவர்கள் திரும்பினார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்.

"என்னம்மா பேச்சு இது?"

"கூப்பிடுறது என் வேலைங்க. விதியில இருக்கு. நாளைக்கு நாலு பேரு, பூட்டு அவரை மட்டும் விட்டுட்டாள்னு பேசிடக்கூடாது பாருங்க."

அவர் எழுந்தார். தாழ்வாரம் முழுவதும் அவள் முன்னால் ஓட, அவர் பின்னால் வர, மற்றவர்கள் வழிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய் எதிர்த்துத்தான் ஓட்டளித்தார். வெட்கப்பட்டார் என்று சொல்ல முடியாது; அந்த வழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் அவர் யாருக்காக அந்த ஓட்டைப் போடுகிறார் என்பதை அன்று அவையில் ஒருவரும் தெரியாதது போல இருக்க முடியவில்லை. மசோதா நிறைவேறியது. பூட்டக்கா கதவைத் திறந்தாள்.

அந்தச் சட்டத்தில் தங்கைக்கு இடம் இல்லை. முடிந்துபோன வழக்கு அதில் சேராது. அதைத் தெரிந்துகொண்டுதான் பூட்டக்கா வீட்டுப் படியேறினாள். தங்கை சன்னலோரம் நின்றிருந்தாள். விரல்கள் கம்பியில் தட்டின.

"கூப்பிட்டியா?" என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி.

"கூப்பிட்டேன்."

"அவனையுமா?"

"அவரைத்தான் ஆள் பார்த்துக் கூப்பிட்டேன்." என்ன சொன்னாள் என்பதையும் சொன்னாள்.

தங்கை சிரிக்கவில்லை, ஆனால் தட்டுவது நின்றது. பிறகு வக்கீல் கேட்பது போலக் கேட்டாள். "முடிஞ்ச கேஸையும் மறுபடி திறக்கலாம்னு அந்தச் சட்டத்துல ஒரு திருத்தம் கொண்டு வர முடியுமா?"

"உறுப்பினர் யாராவது கொண்டு வரணும். ரெண்டு அவையும் ஒத்துக்கணும். நாள் ஆகும்."

"வாத்தியார் கொண்டு வருவாரா?"

"கேட்டுப் பார்க்கலாம். நாளைக்குப் போய்..."

"நாளைக்கு எதுக்கு? வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கு." தங்கை இடது கையால் செருப்பை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அவர் வீடு உனக்குத் தெரியும்தானே?"

பூட்டக்கா செருப்பைக் கழற்றியே இருக்கவில்லை. இரண்டு பேரும் படியிறங்கினார்கள்.

"அந்தச் சட்டியிலயாவது ஏதாச்சும் வெச்சிட்டுப் போங்கடி!" என்று முன்னறையிலிருந்து தையல்காரர் கத்தினார். அதற்குள் அவர்கள் தெருவைக் கடந்திருந்தார்கள்.